டெலிகிராம் பரிசை விற்றேன், வங்கிக் கணக்கு முடங்கியது

2025 ஆகஸ்டிலிருந்து 46 நாள் என் சம்பளக் கணக்கு முடங்கிக் கிடந்தது. அந்த நாட்களில் ராத்திரி எல்லாரும் தூங்கிய பிறகு, எனக்கு நடந்ததைப் பற்றித் தமிழில் யாராவது எழுதியிருக்கிறார்களா என்று போனில் தேடிக்கொண்டே இருப்பேன். ஒன்றும் கிடைக்கவில்லை. டெலிகிராம் பரிசுகளை எப்படி வாங்குவது, எதன் விலை ஏறும் என்று சொல்ல ஆயிரம் பேர் இருந்தார்கள். விற்றால் என்ன ஆகும் என்று சொல்ல ஒருவரும் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும். பொறுமையாகப் படியுங்கள்.

நான் திருப்பூரில் ஒரு பிரிண்டிங் யூனிட்டில் டிசைனராக இருக்கிறேன். டி-சர்ட்டில் வரும் படங்களை வரைவது, கலர் பிரித்துக் கொடுப்பது என் வேலை. சம்பளம் 31,200 ரூபாய். வீட்டில் அம்மாவும் நானும்தான். தம்பி கோவையில் இன்ஜினியரிங் படிக்கிறான். 2025 ஜனவரியில் என் பிறந்தநாளுக்கு அவன்தான் டெலிகிராமில் ஒரு பரிசு அனுப்பினான். சின்ன கேக் படம், தொட்டால் அசையும். எனக்குப் பிடித்துப்போனது. படம் வரைகிறவர்களுக்குத் தெரியும், ஒரு சின்னப் படத்தில் வெளிச்சமும் அசைவும் அவ்வளவு சுத்தமாக வருவது எத்தனை கஷ்டம் என்று. அன்று ராத்திரியே மற்ற பரிசுகளை எல்லாம் பார்த்தேன்.

தெரியாதவர்களுக்காக இது எப்படி நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். டெலிகிராமில் ஸ்டார் என்று ஒன்று உண்டு, 2024 ஜூனில் வந்தது. ரூபாய் கொடுத்து ஸ்டார் வாங்க வேண்டும். அதே வருடம் அக்டோபரில் பரிசுகள் வந்தன. ஸ்டார் கொடுத்துப் பரிசு வாங்கி யாருக்காவது அனுப்பலாம், நாமே வைத்துக்கொள்ளலாம். சில பரிசுகள் குறிப்பிட்ட எண்ணிக்கையில்தான் வரும், தீர்ந்தால் தீர்ந்ததுதான். அப்படிப்பட்ட பரிசை இன்னும் கொஞ்சம் ஸ்டார் கொடுத்து 'அப்கிரேட்' செய்தால், அது சேகரிப்புப் பொருளாக மாறும். படத்தின் வகை, பின்னணி நிறம், அதன் மேல் வரும் சின்னம் மூன்றும் குலுக்கலில் விழும். ஒவ்வொன்றும் எவ்வளவு அரிது என்று சதவீதம் போட்டிருக்கும், தனியாக ஒரு எண்ணும் இருக்கும். அதைப் பெயருக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம், அடுத்தவருக்கு மாற்றலாம், விற்கலாம். டோன் என்கிற பிளாக்செயினுக்கு, அதாவது யாரும் பார்க்கக்கூடிய, யாரும் அழிக்க முடியாத ஒரு பொதுப் பதிவேட்டுக்குக் கொண்டுபோய் வெளிச் சந்தையிலும் விற்கலாம். என்எஃப்டி என்று 2021 வாக்கில் எல்லாரும் பேசினார்களே, பிளாக்செயினில் உரிமை பதிவாகும் டிஜிட்டல் பொருள், அதேதான் இது. அப்போது அதற்குத் தனி வாலட் (இப்படிப்பட்ட பொருளையும் கிரிப்டோவையும் வைக்கும் டிஜிட்டல் பை), தனித் தளம் என்று போய்ப் படிக்க வேண்டியிருந்தது. இது தினமும் பேசும் செயலிக்குள்ளேயே, ஒரு தொடுதலில் கிடைக்கிறது.

அந்த ஒரு தொடுதல்தான் என் பணத்தைக் கரைத்தது. ஸ்டாராக மாறிய பிறகு பணம் பணமாகத் தெரிவதில்லை. 250 ஸ்டார், 500 ஸ்டார் என்றுதான் மனசில் நிற்கிறது. அப்கிரேட் செய்யும்போது அந்தப் படம் சுழன்று நிற்கும் ஒரு நொடி இருக்கிறது, அதற்காகவே வாங்கிய நாட்கள் உண்டு. சாதாரண நிறம் வந்தால் அடுத்தது நல்லதாக வரும் என்று தோன்றும். பிப்ரவரியிலிருந்து ஜூன் வரை நான் ஸ்டாருக்கு மட்டும் 14,900 ரூபாய் செலவழித்திருக்கிறேன். இது அப்போது எனக்குத் தெரியாது. கணக்கு முடங்கிய பிறகு ஆறு மாத ஸ்டேட்மென்ட் எடுத்து வரி வரியாகக் கூட்டியபோதுதான் தெரிந்தது. நீங்கள் வாங்குகிறீர்கள் என்றால், ஒவ்வொரு முறையும் ஸ்டார் எண்ணிக்கையை விட்டுவிட்டு ரூபாயை ஒரு நோட்டில் எழுதுங்கள். இன்னொன்று, போன் செயலிக்குள் ஸ்டார் வாங்கினால் ஆப் ஸ்டோரின் கமிஷனும் அந்த விலையில் சேர்ந்திருக்கிறது. 30 சதவீதம் வரை அந்தக் கமிஷன் போகும். வாங்கிய ஸ்டாரைத் திருப்பிக் கொடுத்து ரூபாய் கேட்கவும் முடியாது. உள்ளே போகும் கதவு அகலமானது, வெளியே வரும் கதவு எங்கே இருக்கிறது என்று வாங்கும்போது நான் பார்க்கவே இல்லை.

மார்ச் மாதம் முதல் அடி விழுந்தது. பரிசுகளை வாங்கி விற்கும் ஒரு டெலிகிராம் குழுவில் நான் ரொம்ப நாளாகத் தேடிய ஒரு பரிசு, பச்சைப் பின்னணியில், 3,200 ரூபாய்க்குக் கிடைக்கிறது என்று ஒருவர் போட்டிருந்தார். நம்பிக்கைக்கு நடுவில் ஒருவரை வைத்துக்கொள்ளலாம் என்றார். அந்தக் குழுவில் எல்லாரும் மதிக்கிற ஒரு இடைத்தரகர் இருந்தார், அவரிடம் பணம் கொடுத்தால் பொருள் கைமாறிய பிறகு விற்றவருக்குத் தருவார். விற்றவரே எனக்கு ஒரு பெயரை அனுப்பி, இவரிடம் போடுங்கள் என்றார். அதே படம், அதே பெயர். பணம் போட்டேன். இரண்டு பேரும் ஒரே நிமிடத்தில் காணாமல் போனார்கள். பிறகு எழுத்துக்களைப் பெரிதாக்கிப் பார்த்தபோது தெரிந்தது, ஆங்கிலத்தில் சிறிய எல் இருக்க வேண்டிய இடத்தில் பெரிய ஐ இருந்தது. திரையில் இரண்டும் ஒரே கோடுதான். யாராவது ஒரு பெயரை உங்களுக்கு அனுப்பினால் அதைத் தொட்டுப் போகாதீர்கள். குழுவின் நிர்வாகிகள் பட்டியலைத் திறந்து, அங்கிருந்து அந்த ஆளிடம் போங்கள். விற்பவர் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட்டையும் நம்பாதீர்கள். சேகரிப்புப் பரிசு ஒவ்வொன்றுக்கும் டெலிகிராமின் சொந்த முகவரியில் ஒரு பக்கம் உண்டு, அதில் இப்போதைய உரிமையாளர் தன்னை மறைத்துக்கொள்ளாமல் இருந்தால் அவர் பெயர் இருக்கும். உங்களிடம் பேசுகிற ஆளும் அந்தப் பெயரும் ஒன்றா என்று அங்கே பாருங்கள்.

3,200 போனதை நான் யாரிடமும் சொல்லவில்லை. தம்பியிடம்கூடச் சொல்லவில்லை. நஷ்டத்தை ஈடுகட்ட வேண்டும் என்ற எண்ணம்தான் வந்தது. ஏப்ரலில் கிரிப்டோ வாங்கி விற்கும் ஒரு இந்திய எக்ஸ்சேஞ்சில் கணக்குத் திறந்து, ஆதார், பான் எல்லாம் கொடுத்து 5,500 ரூபாய்க்கு டோன் பிளாக்செயினின் நாணயமான டோன்காயின் வாங்கி, வெளிச் சந்தையில் இன்னொரு பரிசு வாங்கினேன். ஆக மொத்தம் 23,600 ரூபாய். ஒரு மாதச் சம்பளத்தில் முக்கால் பங்கு.

ஜூலையில் தம்பிக்குக் கல்லூரிக் கட்டணம் வந்தது. இருப்பதை விற்றுவிடலாம் என்று முடிவு செய்தேன். நான் முதலில் அப்கிரேட் செய்ததில் ஒன்று நல்ல வகை விழுந்திருந்தது. எல்லாச் செலவும் சேர்த்து எனக்கு 4,100 ரூபாய் ஆகியிருந்த அதை, குழுவில் 12,500 வரை கேட்டார்கள். செயலிக்குள்ளேயே இருக்கும் சந்தையில் ஸ்டாருக்கு விற்றிருக்கலாம். ஆனால் எனக்கு ஸ்டார் எதற்கு, கட்டணம் கட்ட ரூபாய் வேண்டும். அப்போதுதான் ஒருவர் தனியாகப் பேச வந்தார். நல்ல ஆங்கிலம். வார்த்தைக்கு வார்த்தை சிஸ்டர் என்றார். 14,500 தருகிறேன், உடனே யூபிஐயில் போடுகிறேன், பரிசை என் வாலட்டுக்கு அனுப்பிவிடுங்கள் என்றார். பேரமே பேசவில்லை. அன்று ஜூலை 25, ஆடி இரண்டாம் வெள்ளி. அம்மா கோயிலுக்குப் போயிருந்தார். எனக்கு அம்மனே அனுப்பியதுபோல இருந்தது.

பணம் மூன்று தடவையாக வந்தது. 6,000, பிறகு 5,000, பிறகு 3,500. அனுப்பியவர் பெயர் முதலில் ஒன்று, அடுத்த இரண்டும் வேறொன்று. இரண்டுமே என்னிடம் பேசிய ஆளின் பெயர் இல்லை. கேட்டேன். "என் லிமிட் முடிஞ்சிருச்சு சிஸ்டர், ஃப்ரெண்ட் அக்கவுண்ட்ல இருந்து போட்டேன்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். பணம்தான் வந்துவிட்டதே என்று நினைத்தேன். விற்பவர் பயப்பட வேண்டியது பணம் வராமல் போவதற்குத்தான் என்று நினைத்திருந்தேன். வந்த பணத்துக்குப் பயப்பட வேண்டும் என்று எனக்குத் தெரியாது. இந்த முழுக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதாக இருந்தால் இதை வையுங்கள்: முன்பின் தெரியாத ஆள், சந்தை விலையைவிட அதிகமாக, வேறு ஒருவர் பெயரில் உள்ள கணக்கிலிருந்து பணம் போட்டால், பரிசை அனுப்பாதீர்கள். பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். பணம் ஏற்கெனவே வந்துவிட்டால் அவர் சொல்கிற வேறு எண்ணுக்கு நீங்களாகத் திருப்பி அனுப்பவும் செய்யாதீர்கள், அது இன்னொரு சிக்கல். உங்கள் வங்கிக்கு எழுதி, இந்தப் பணம் யாருடையது என்று எனக்குத் தெரியவில்லை, வந்த வழியே திருப்புங்கள் என்று கேளுங்கள்.

ஆகஸ்ட் 4, திங்கட்கிழமை. சாயங்காலம் வேலை முடிந்து அம்மாவுக்கு இன்சுலினும் பிரஷர் மாத்திரையும் வாங்க மெடிக்கல் போனேன். 1,180 ரூபாய். ஜிபே போகவில்லை. கார்டு போட்டுப் பார்த்தார், அதுவும் போகவில்லை. பின்னால் ஆட்கள் நின்றார்கள். கடைக்காரர் தெரிந்தவர், "பரவாயில்லம்மா, நாளைக்குக் குடு" என்றார். சர்வர் பிரச்சினை என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். கணக்கில் 38,740 ரூபாய் இருப்பதாகக் காட்டியது, ஒரு ரூபாய்கூட எடுக்க முடியவில்லை. மறுநாள் வண்டிக்கான இஎம்ஐ 3,850 ரூபாய் திரும்பிப் போனது, அதற்கு 590 ரூபாய் அபராதம் பிடித்ததாகக் குறுஞ்செய்தி வந்தது.

மறுநாள் அரை நாள் விடுப்பு எடுத்து வங்கிக்குப் போனேன். கவுன்ட்டரில் இருந்த மேடம் கணினியைப் பார்த்துவிட்டு, "சைபர் கிரைம்ல இருந்து ஃப்ரீஸ் போட்டிருக்காங்கம்மா. நீங்க போலீஸ்லதான் பேசணும்" என்றார். சத்தமாகத்தான் சொன்னார். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் காது அடைத்துப்போனது. எந்தப் போலீஸ் என்று கேட்கக்கூடத் தோன்றாமல் வெளியே வந்து, வண்டி நிறுத்தும் இடத்தில் நின்று அழுதேன். என் வாழ்க்கையில் போலீஸ் ஸ்டேஷன் வாசலை மிதித்ததில்லை. நான் என்ன தப்பு செய்தேன் என்பதே அன்று எனக்குப் புரியவில்லை.

இப்போது புரிந்ததைச் சொல்கிறேன். எங்கோ ஒருவரை ஏமாற்றிப் பணம் பிடுங்குகிறார்கள். அவர் 1930 என்ற எண்ணுக்கோ தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்திலோ புகார் கொடுக்கிறார். அவர் கணக்கிலிருந்து போன பணம் எந்தக் கணக்குக்குப் போனது, அங்கிருந்து எங்கே போனது என்று வங்கிகள் வழியாகத் தொடர்ந்து போவார்கள். லேயர் 1, லேயர் 2 என்று அதற்குப் பெயர். அந்தப் பணம் தொட்ட கணக்குகளை எல்லாம் நிறுத்தச் சொல்வார்கள். பணம் பறிபோனவருக்கு இது மிகவும் தேவையான ஏற்பாடு, இல்லையென்றால் சில மணி நேரத்தில் எல்லாம் கரைந்துவிடும். மோசடிக்காரர்களுக்கும் இது தெரியும். அதனால் அந்தப் பணத்தைச் சீக்கிரமாக வேறு பொருளாக மாற்றிக்கொண்டு போய்விடப் பார்க்கிறார்கள். முன்பெல்லாம் யுஎஸ்டிடி என்கிற டாலர் மதிப்புள்ள கிரிப்டோ நாணயத்தை வாங்குவார்கள் என்று பிறகு ஒரு வக்கீல் அக்கா சொன்னார். பிளாக்செயினில் இருக்கும் ஒரு பரிசும் அதே வேலையைச் செய்யும். கையடக்கமானது, ஒரு நொடியில் கைமாறும், உலகத்தில் யாரிடமும் விற்கலாம். என்னிடம் இருந்த அழகான பொருள் வாலட் வழியாகப் போய்விட்டது. வேறொருவர் கண்ணீர் விட்ட பணம் என் சம்பளக் கணக்கில் உட்கார்ந்திருந்தது.

இரண்டாம் தடவை வங்கிக்குப் போனபோது கேள்விகளை எழுதி எடுத்துக்கொண்டு போனேன். உங்களுக்கு இப்படி நடந்தால் வங்கியில் வாயால் கேட்காதீர்கள், கடிதமாகக் கொடுத்து நகலில் சீல் வாங்குங்கள். புகாரின் ஒப்புகை எண் என்ன, எந்த மாநிலம், எந்தக் காவல் நிலையம், அவர்கள் மின்னஞ்சல் என்ன, எந்தப் பரிவர்த்தனையில் எவ்வளவு தொகை சர்ச்சையில் இருக்கிறது. இவ்வளவும் அவர்களிடம் இருக்கிறது. எனக்கு மூன்று தடவை அலைந்த பிறகு கிடைத்தது. வட மாநிலம் ஒன்றின் சைபர் காவல் நிலையம். சர்ச்சைத் தொகை 6,000 ரூபாய். அந்த முதல் தவணை. ஆறாயிரத்துக்காக 38,740-ம் நின்றுபோயிருந்தது.

இன்னொன்றும் அப்போதுதான் தெரிந்தது. பணம் எடுப்பதைத்தான் நிறுத்தியிருக்கிறார்கள், உள்ளே வருவதை இல்லை. அதாவது அடுத்த மாதச் சம்பளமும் அதே குழிக்குள் போய் விழும். ஆபீஸில் சொல்லியே ஆக வேண்டும். எனக்கு உயிரே போனது. கணக்குப் பார்க்கும் அண்ணனிடம் போய், "அண்ணா, என் அக்கவுண்ட்ல ஒரு பிரச்சினை, வேற பேங்க் நம்பர் தரேன்" என்று மட்டும் சொன்னேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. வேறு வங்கியில் இருப்பு வைக்கத் தேவையில்லாத கணக்கு ஒன்றை அன்றே திறந்தேன். முடங்கினால் முதல் நாளே இதைச் செய்துவிடுங்கள், பிறகு அழுதுகொள்ளலாம். நான் ஒரு வாரம் தாமதித்தேன். அந்த மாதச் செலவுக்கு மோதிரத்தை அடகு வைத்து 15,000 வாங்கினேன், அம்மாவிடம் மோதிரம் தேய்ந்துவிட்டது, சரி செய்யக் கொடுத்திருக்கிறேன் என்று பொய் சொன்னேன். அந்தப் பொய்தான் இன்றுவரை என்னை அதிகம் உறுத்துகிறது.

அந்த நேரத்தில் நாம் எவ்வளவு பலவீனமாக இருப்போம் என்று மோசடிக்காரர்களுக்குத் தெரியும். குழுவில் ஒரே ஒரு கேள்வி கேட்டேன், கணக்கு முடங்கியவர்கள் யாராவது இருக்கிறீர்களா என்று. பத்து நிமிடத்தில் ஒருவர் வந்தார், 24 மணி நேரத்தில் எடுத்துத் தருகிறேன், எங்களுக்கு உள்ளே ஆள் இருக்கிறது, 8,000 ஆகும் என்றார். முன்பணம் 1,500 அனுப்பினேன். அப்புறம் வங்கி அனுப்பும் ஓடிபியைக் கேட்டபோதுதான் விழித்துக்கொண்டேன். முடக்கத்தை எடுக்க அப்போது விசாரணை அதிகாரியின் கடிதமோ நீதிமன்ற உத்தரவோ வேண்டியிருந்தது. அதை விற்கும் தரகர் கிடையாது.

காவல் நிலையத்துக்கு மின்னஞ்சல் அனுப்ப உட்கார்ந்தபோது இன்னொரு அதிர்ச்சி. அந்த ஆளுடன் நான் பேசிய உரையாடல் முழுதும் காணவில்லை. டெலிகிராமில் தனி உரையாடலை ஒருவர் அழித்தால் இரண்டு பக்கமும் அழித்துவிடலாம். அவர் அழித்துவிட்டார். விலை பேசியது, சிஸ்டர் என்றது, ஃப்ரெண்ட் கணக்கு என்றது, ஒன்றும் இல்லை. நான் ஒரு ஸ்கிரீன்ஷாட்கூட எடுத்து வைக்கவில்லை. எந்த விற்பனையாக இருந்தாலும், பேசும்போதே தேதியும் நேரமும் தெரிகிற மாதிரி எடுத்து, டெலிகிராமுக்கு வெளியே வேறு எங்காவது சேமியுங்கள். என்னைக் காப்பாற்றியது அவர் கேட்ட அதே விஷயம்தான். பரிசை வாலட்டுக்கு அனுப்பச் சொன்னார் அல்லவா, அந்த மாற்றம் டோன் பிளாக்செயினில் பதிவாகியிருந்தது. என் வாலட்டிலிருந்து அவர் வாலட்டுக்கு, ஜூலை 25, ராத்திரி 9.41. மூன்றாவது தவணை வந்து ஆறு நிமிடம் கழித்து. அதை யாராலும் அழிக்க முடியாது, யாரும் போய்ப் பார்க்கலாம்.

அதை வைத்து இரண்டு பக்கத்தில் ஒரு விளக்கக் கடிதம் எழுதினேன். நான் யார், எங்கே வேலை செய்கிறேன், பரிசு என்றால் என்ன (அதை ஒரு காவல் அதிகாரிக்குப் புரியவைப்பதுதான் கடினமாக இருந்தது, இரண்டு படம் வைத்தேன்), எப்போது எவ்வளவுக்கு வாங்கினேன், யாருக்கு விற்றேன். ஆதார், பான், ஆபீஸ் அடையாள அட்டை, ஆறு மாத ஸ்டேட்மென்ட், அதில் அந்த மூன்று வரவுகளுக்கும் மஞ்சள் கோடு, அவற்றின் யூடிஆர் எண்கள் (ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் வரும் வங்கி எண்), குழுவில் நான் போட்ட விற்பனைப் பதிவு, பிளாக்செயின் பதிவு. எல்லாவற்றையும் ஒரே பிடிஎஃப் ஆக்கி, தலைப்பில் ஒப்புகை எண்ணைப் போட்டு அனுப்பினேன். வங்கிக்கும் நகல் வைத்தேன். பன்னிரண்டு நாள் பதில் இல்லை. போன் எடுத்தால் இந்தி, எனக்கு ஒரு வார்த்தை வராது.

எங்கள் யூனிட்டில் பிரிண்டிங் டேபிளில் வேலை பார்க்கும் பீகார்த் தம்பி ஒருவன் இருக்கிறான். நான் மதிய நேரத்தில் போனை வைத்துக்கொண்டு தடுமாறுவதைப் பார்த்து, "என்னக்கா, யாரு?" என்றான். முதல்முறையாக ஒருவரிடம் முழுதும் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை, திட்டவில்லை. போனை வாங்கி, ஸ்பீக்கரில் போட்டு, அரை மணி நேரம் நாலு பேரிடம் மாற்றி மாற்றிப் பேசி விசாரணை அதிகாரியைப் பிடித்தான். அவர் என் மின்னஞ்சலைத் திறந்தே பார்த்திருக்கவில்லை. பார்க்கிறேன் என்றார். ஒரு வாரம் கழித்து இரண்டு கேள்வி கேட்டுப் பதில் எழுதினார். நேரில் வரச் சொல்வார்களோ என்று பயந்தேன், சொல்லவில்லை. ஆனால் சிலரை வரச் சொல்வதுண்டு என்று கேள்விப்பட்டேன். அப்படி வந்தால் ஒரு வக்கீலைக் கலந்துகொள்ளாமல் கிளம்பாதீர்கள்.

நடுவில் ஒரு வக்கீல் அக்காவையும் பார்த்தேன். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்-இல் 106-ஆம் பிரிவின் கீழ்தான் போலீஸ் இப்படி நிறுத்துகிறார்கள், பழைய சிஆர்பிசி-யில் அது 102 என்று விளக்கினார். சர்ச்சைத் தொகையை மட்டும் நிறுத்தி வைத்துவிட்டு மீதியை எடுக்க விடும்படி 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் உத்தரவிட்டிருக்கிறது, ரிட் மனு போடலாம், செலவு 25,000 ஆகும் என்றார். என்னிடம் அவ்வளவு இல்லை. அந்த உத்தரவைக் குறிப்பிட்டே மறு மின்னஞ்சல் எழுதச் சொன்னார், அதற்குக் காசு வாங்கவில்லை. 6,000-ஐ நிறுத்தி வையுங்கள், என் சம்பளத்தை விடுங்கள் என்று எழுதினேன். செப்டம்பர் 19 காலை, பேருந்தில் போகும்போது வங்கியிலிருந்து குறுஞ்செய்தி. கணக்கு திறந்திருந்தது. 6,000 ரூபாய்க்கு மட்டும் லியன், அதாவது அந்தத் தொகையை மட்டும் எடுக்க முடியாது. இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

வரியைப் பற்றியும் சொல்ல வேண்டும், இதை யாரும் சொல்வதில்லை. என்எஃப்டி போன்றவற்றை இந்திய வருமான வரிச் சட்டம் மெய்நிகர் டிஜிட்டல் சொத்து என்கிறது. 2022 ஏப்ரல் முதல் அதில் வரும் லாபத்துக்கு 30 சதவீதம் வரி, அதன் மேல் 4 சதவீதம் செஸ். உங்கள் வருமானம் வரி வரம்புக்குள் வராவிட்டாலும் இது உண்டு. ஒன்றில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்கவும் முடியாது. ஆடிட்டர் சார் கணக்குப் போட்டார். 14,500-க்கு விற்றது, 4,100 அசல், லாபம் 10,400, வரி 3,245 ரூபாய். சார், அதில் 6,000 என் கையிலேயே இல்லையே, 3,200 ஏமாந்தேனே என்றேன். "அதெல்லாம் இதுல வராதும்மா" என்றார். விற்பதற்கு முன்பே இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் அந்தப் படங்கள் எனக்குப் பிடிக்கும், பொய் சொல்ல மாட்டேன். பிடித்து வைத்துக்கொள்வதற்காக வாங்குகிறவர்கள் வாங்கலாம். இரண்டு படிச் சரிபார்ப்பைப் போட்டு வையுங்கள். செயலிக்குள் இருக்கும் பரிசு உங்கள் கணக்கோடு ஒட்டியது, கணக்கு உங்கள் போன் எண்ணோடு ஒட்டியது. ரீசார்ஜ் செய்யாமல் விட்ட எண்ணை நிறுவனம் சில மாதங்களில் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடும், பழைய எண்ணில் டெலிகிராம் வைத்திருப்பவர்கள் முதலில் அதை மாற்றுங்கள். வாலட் வைத்திருந்தால் அதைத் திறக்கும் 24 ரகசியச் சொற்களைக் காகிதத்தில் எழுதுங்கள், போனில் படம் எடுக்க வேண்டாம். விற்பதாக இருந்தால் செயலிக்குள் இருக்கும் சந்தையில் ஸ்டாருக்கு விற்று, அந்த ஸ்டாரிலேயே அடுத்ததை வாங்கிக்கொள்ளுங்கள். ரூபாயாக வேண்டும் என்றால், முறையாக அடையாளம் சரிபார்க்கும் எக்ஸ்சேஞ்ச் வழியாக வரட்டும். தெரியாதவர் யூபிஐ உங்கள் சம்பளக் கணக்கைத் தொடவே வேண்டாம்.

அந்த 6,000 ரூபாய் இன்னும் லியனில்தான் இருக்கிறது. யாருடைய பணம் என்று பீகார்த் தம்பி அன்று போனிலேயே அதிகாரியிடம் கேட்டான். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், வீட்டிலிருந்தே வேலை என்று நம்பி 1,80,000 ரூபாய் வரை இழந்திருக்கிறார், அதில் ஒரு துண்டுதான் என் கணக்குக்கு வந்தது. நான் விற்ற பொருளுக்கான பணம் என்று வாதாட எனக்கு வழி இருக்கிறது என்றார் வக்கீல் அக்கா. நான் அக்டோபரில் அதிகாரிக்கு ஒரு கடிதம் அனுப்பினேன். அந்தத் தொகையை அந்த ஆசிரியரிடம் திருப்பிக் கொடுக்க எனக்கு ஆட்சேபம் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். மாஜிஸ்திரேட் உத்தரவு வந்ததும் அனுப்பிவிடுவார்கள் என்று பதில் வந்தது. மாதம் ஒருமுறை வங்கிச் செயலியைத் திறந்து, அது போய்விட்டதா என்று பார்க்கிறேன்.